புதுப்பிப்பு: சான்றளித்து விற்ற பழைய காரில் தவறிப்போன சர்வீஸ்

போன பதிவில் சொன்னது: டீலர் சான்றளித்து வாரண்டியோடு விற்ற பழைய காரில் பிரேக் ஆயிலும் கூலண்டும் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றவேண்டிய கெடு எப்போதோ தாண்டியிருந்தது.

டீலரிடம் கேட்டதற்கு, "பராமரிப்பு வாரண்டியில் வராது" என்றார்கள். சரிதான், ஆனால் கெடு தாண்டியது நான் வாங்கும் முன்பே. கையேட்டின் அட்டவணையையும் பழைய சர்வீஸ் பதிவையும் சேர்த்து மேலாளருக்கு எழுத்தில் அனுப்பினேன். அப்புறம்தான் இறங்கி வந்தார்கள்: பிரேக் ஆயில் இலவசம், கூலண்டுக்குப் பாதிச் செலவு என்னுடையது.

பிரேக் ஆயிலில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கொதிநிலை குறையும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறினால் ஆவிக்குமிழி உண்டாகி, பிரேக் பிடிக்காமல் மிதி அப்படியே உள்ளே போய்விடும். பல நிறுவனங்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

ரசீதில் தேதியும் ஓடிய கிலோமீட்டரும் எழுதி வாங்கிவிட்டேன். ஸ்பார்க் பிளக் பற்றிக் கேட்டவர்களுக்கு: அதற்கு இன்னும் கெடு வரவில்லை.