ரெஸ்யூமில் எழுதாமல் விட்ட வேலை: நேர்காணலில் உங்களுக்கு என்ன நடந்தது?

ஐசியூ சிஸ்டர், மதுரை

போன மாதம் இங்கிலாந்து வேலைக்கு ஆன்லைனில் நேர்காணல். ஓஇடி (ஆங்கிலத் தேர்வு), சிபிடி (கணினியில் எழுதும் நர்சிங் தேர்வு) எல்லாம் முடித்தாயிற்று, பேண்ட் 5 (அங்கே நர்ஸுக்கான தொடக்க நிலை) போஸ்ட். அந்தக் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆறு வருடம் மெடிக்கல் ஐசியூவில் இருந்திருக்கிறேன். அந்த ஆறு வருடத்துக்கு ரெஸ்யூமில் நான்கே வரி: வைட்டல்ஸ் பார்த்தல், மருந்து கொடுத்தல், டாக்டருக்கு உதவுதல், நோயாளி பராமரிப்பு. கூடப் படித்தவளின் ரெஸ்யூமைப் பார்த்து எழுதியது.

பேனலில் இருந்த அம்மா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இது எல்லா நர்ஸும் செய்வதுதானே. நீங்கள் கவனித்ததால் ஒரு நோயாளிக்கு ஏதாவது மாறியிருக்கிறதா? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்" என்றார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. டீம் வொர்க், அது இது என்று ஏதோ சொன்னேன். வேலை கிடைக்கவில்லை.

அன்று ராத்திரி படுத்த பிறகுதான் அந்தப் பையன் ஞாபகத்துக்கு வந்தான். பூச்சிமருந்து கேஸ், மூன்றாம் நாள். அட்ரோபின் (நஞ்சு முறிவு மருந்து) டிரிப் குறைத்துக்கொண்டே வந்தோம். கண்மணி சுருங்கவில்லை, நெஞ்சில் சளிச் சத்தம் இல்லை, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) 97. காலையில் வார்டுக்கு மாற்றலாம் என்று பேச்சு. 3 மணி ரவுண்டில், தலையணை உறை நனைந்திருக்கிறதே, மாற்றலாம் என்று "தம்பி, தலையைக் கொஞ்சம் தூக்கு" என்றேன். தூக்கப் பார்த்தான், முடியவில்லை. கண் மட்டும் என்னையே பார்த்தது. மறுபடி சொன்னேன். கழுத்து அசையவே இல்லை. டியூட்டி டாக்டரை எழுப்பிக் கூட்டி வந்தேன். 4 மணிக்கெல்லாம் மூச்சுக்கு டியூப் போட்டாயிற்று.

இதை ரெஸ்யூமில் எந்த இடத்தில், எப்படி எழுதுவது? அந்த அம்மா கேட்டது இதைத்தானே?

ஓய்வு பெற்ற வி.எச்.என்., விழுப்புரம் பக்கம்

சிஸ்டர், எனக்கும் இதே மாதிரிதான். 31 வருட சர்வீஸ். 2022-இல் ஓய்வு. அப்புறம் ஒரு தொண்டு நிறுவனத்தில் தாய் சேய் நல மேற்பார்வையாளர் வேலை இருக்கிறது என்று போனேன். பயோடேட்டாவில் என் சர்வீஸ் முழுக்க ஒரே வரி: "1991 முதல் 2022 வரை கிராம சுகாதார செவிலியர், துணை சுகாதார நிலையம்." பையன் ஒருவன் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே "அப்போ ஹாஸ்பிட்டல் எக்ஸ்பீரியன்ஸ் கிடையாதாம்மா?" என்றான்.

ஐந்தாயிரம் ஜனத்துக்கு நான் ஒருத்தி. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், ஆனால் வேறு ஒன்றுதான் வந்தது. ஒரு தாய்க்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பதாவது நடக்கிறது, பிபி 160/110, கால் இரண்டும் வீக்கம். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறாள். மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, ஆட்டை யார் ஓட்டுவது என்று மாமியார் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறார். வாசல்படியில் உட்கார்ந்த நான் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கடைசியில் மாமியாரே உள்ளே போய்ப் பழைய புடவை இரண்டை எடுத்து மடித்து என் கையில் கொடுத்தார். அதுதான் சம்மதம். உடனே 108-க்குப் போன் போட்டேன்.

பையன் தட்டுவதை நிறுத்திவிட்டான். "இதை ஏம்மா எழுதல?" என்றான். இதற்கு எந்தக் கட்டம் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

நர்சிங் சூப்பிரண்டெண்ட் (ஓய்வு), கோவை

இரண்டு பேருக்கும் வணக்கம். மதுரை சிஸ்டர் எழுதியதில் எனக்கு ஒரு கவலை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கழுத்துச் சம்பவத்தை "நோயைக் கண்டுபிடித்தேன்" என்று எழுதிவிடாதீர்கள். நீங்கள் மாற்றத்தைப் பார்த்தீர்கள், சொன்னீர்கள். நோய் இன்னதென்று முடிவு செய்தவர் டாக்டர். இந்தக் கோட்டைத் தாண்டி எழுதினால் நேர்காணலில் ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

நான் பேனலில் உட்கார்ந்த காலத்தில் ஒரு பெண் வந்தாள். "தனியாக இன்டுபேஷன் செய்தேன்", அதாவது மூச்சு டியூப்பைத் தானே போட்டதாக, ரெஸ்யூமில் இருந்தது. "பெரியவர்களுக்கு என்ன அளவு பிளேடு எடுப்பீர்கள்?" என்று, டியூப் போடத் தொண்டைக்குள் பார்க்கும் கருவியைப் பற்றிக் கேட்டேன். பதில் இல்லை, அழுதுவிட்டாள். ஏஜென்சிக்காரர் டைப் செய்து கொடுத்த வரி அது, அவள் படித்துக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கே இன்னும் மூன்று ரெஸ்யூமில் அதே வரி, அதே எழுத்துப்பிழையோடு வந்தது. உண்மையில் அவள் நல்ல நர்ஸ். டியூப் போடும்போது சாமான் எடுத்து வைப்பது, மருந்து ஏற்றுவது, போட்ட பிறகு கட்டுவது, சக்‌ஷன் என்று எதைக் கேட்டாலும் தெளிவாகச் சொன்னாள். அதை எழுதியிருந்தாலே போதும்.

அதனால் சொல்கிறேன். முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: எத்தனை படுக்கை, என்ன மாதிரி ஐசியூ, ஒரு ஷிஃப்டில் உங்கள் கையில் எத்தனை பேர், அதில் வென்டிலேட்டரில் எத்தனை பேர். அரசு ஆஸ்பத்திரி வார்டில் ஒரு சிஸ்டர் ராத்திரியில் முப்பது நாற்பது பேரைப் பார்த்திருப்பார். அதை மறைக்க வேண்டாம், யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கத் தெரிந்தவர் என்பதற்கு அதுவே சாட்சி. அப்புறம் தனியாகச் செய்தது வேறு, உடனிருந்து உதவியது வேறு. ஆர்டீரியல் லைனிலிருந்து (தமனியில் போட்ட குழாய்) ரத்தம் எடுத்தீர்களா, லைன் போடும்போது உதவினீர்களா? ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) ரிசல்ட்டை நீங்களே படித்துச் சொன்னீர்களா, லேபுக்கு அனுப்பினீர்களா? "தொற்றைக் குறைத்தேன்" என்று ஒரு வரி எல்லோரும் எழுதுகிறார்கள். அது வார்டு முழுக்கச் சேர்ந்து செய்தது. தலைமாட்டை 30 டிகிரிக்கு மேல் வைத்தது, வாய் சுத்தம் செய்தது, இதையெல்லாம் தினமும் செக்லிஸ்ட்டில் குறித்தது நீங்கள் என்றால் அதை மட்டும் எழுதுங்கள். நோயாளியின் பெயர், ஊர், வயது எதுவும் கூடாது. புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா? எத்தனை பேருக்கு? அதை யாருமே எழுதுவதில்லை. எனக்கு ஆள் எடுக்கும்போது முதலில் அதுதான் வேண்டும்.

வி.எச்.என். அம்மா, உங்களுக்குக் கட்டம் இருக்கிறது. நீங்கள்தான் போடவில்லை.

டயாலிசிஸ் டெக்னீஷியன், சேலம்

மேடம் சொல்வது சரி. ஆனால் "இடத்தைச் சொல்" என்பது எங்களுக்கு எடுபடுவதில்லை. நான்கு மெஷின், ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட் என்று எழுதிக் கொண்டுபோனேன். "அவ்வளவுதானா?" என்றார்கள். ஒருவருக்கு நான்கு மணி நேரம், ஊசி குத்துவதிலிருந்து பிஸ்டுலாவை (டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்த ரத்தக்குழாய்) அழுத்திப் பிடித்து ரத்தம் நிற்கும்வரை நான்தான். ஒரு பெரியவர் வேறு யாரையும் குத்த விடமாட்டார், நான் லீவு என்றால் மறுநாள் வருகிறேன் என்பார். அதை எழுதினால் சிரிப்பார்களோ என்று எழுதவில்லை.

ரியாத்திலிருந்து

எல்லோரும் என்ன எழுதுவது என்று பேசுகிறீர்கள். எனக்குத் தேதியில் அடி விழுந்தது. ரெஸ்யூமில் 2 வருடம் 8 மாதம் என்று போட்டிருந்தேன். ஆஸ்பத்திரி கொடுத்த சான்றிதழில் 2 வருடம் 5 மாதம். முதல் மூன்று மாதம் டிரெய்னியாம், கணக்கில் வராதாம். அந்த மூன்று மாதமும் நைட் டியூட்டி பார்த்தவன் நான். டேட்டாஃப்ளோவில் (சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நிறுவனம்) சரிபார்ப்பு நேராக ஆஸ்பத்திரிக்கே போகும், நாம் என்ன சொன்னாலும் எடுபடாது. அறிக்கையில் முரண்பாடு என்று வந்துவிட்டது.

அப்பா ஒரு டிரங்குப் பெட்டியில் என் சம்பளக் கவர்களைப் போட்டு வைத்திருந்தார். பிரவுன் கவர், மேலே பால்பாயின்ட் பேனாவில் மாதமும் தொகையும். முதல் கவரில் "மார்ச், 6,500" என்று இருந்தது. அதை போட்டோ எடுத்து ஆஸ்பத்திரி எச்.ஆருக்கு அனுப்பி, நாற்பது நாள் நடையாய் நடந்து, டிரெய்னி காலத்தையும் சேர்த்து வேறு சான்றிதழ் வாங்கினோம். தயவுசெய்து சேர்ந்த நாள், விட்ட நாள் இரண்டையும் சான்றிதழை வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள்.

ஐசியூ சிஸ்டர், மதுரை

சூப்பிரண்டெண்ட் மேடம், நன்றி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் எங்கேயும் கண்டுபிடித்தேன் என்று எழுதவில்லை. "நோயாளி சரியாக இல்லை" என்று சொன்னவள் நான். அதைச் சொல்ல இரண்டு முறை தயங்கினேன், ஏனென்றால் மானிட்டரில் எல்லா எண்ணும் சரியாக இருந்தது. டாக்டரை எழுப்பினால் திட்டுவாரோ என்ற பயம் வேறு. அந்தத் தயக்கத்தைத் தாண்டிப் போனதும் வேலைதானே மேடம்? அது உதவி இல்லை. நானேதான் செய்தேன்.

நேற்று இப்படி மாற்றி எழுதினேன்: "14 படுக்கை மெடிக்கல் ஐசியூ. ஒரு ஷிஃப்டில் 2 நோயாளிகள், பெரும்பாலும் ஒருவர் வென்டிலேட்டரில். பூச்சிமருந்து நஞ்சு நோயாளி ஒருவருக்கு மானிட்டர் அளவுகள் இயல்பாக இருந்தபோதே கழுத்துத் தசை பலவீனத்தைக் கவனித்து உடனே மருத்துவருக்குத் தெரிவித்தேன். மூச்சு நிற்கும் முன் செயற்கைச் சுவாசம் தொடங்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்த 9 செவிலியர்களுக்கு ஐசியூ பயிற்சி அளித்தேன்." ஒன்பது என்பதை நோட்டில் பார்த்து எண்ணித்தான் போட்டேன்.

நர்சிங் சூப்பிரண்டெண்ட் (ஓய்வு), கோவை

சரி சிஸ்டர். அந்த வரியில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

ஓய்வு பெற்ற வி.எச்.என்., விழுப்புரம் பக்கம்

அந்தத் தம்பி பிழைத்தானா?

ஐசியூ சிஸ்டர், மதுரை

பிழைத்தான் அம்மா. பதினோராம் நாள் டியூப் எடுத்தோம். வார்டுக்குப் போகும்போது வீல்சேரில் உட்கார்ந்துகொண்டே தலையை நிமிர்த்தி, "பாருங்க சிஸ்டர், தூக்கிட்டேன்" என்றான்.