மறு: எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குத் தமிழில் என்ன? – முக்கம்பிப் பெட்டி, இருகம்பிப் பெட்டி

வணக்கம் நண்பர்களே,

> "நீட்டிப்புப் பெட்டி" போதாதா? எல்லோருக்கும் புரிகிறதே.

புரிகிறது ஐயா, பொதுச்சொல்லாக அதுவே இருக்கட்டும். ஆனால் நமக்குச் சொல் வேண்டியது வீட்டில் கையால் கட்டும் பெட்டிகளைப் பற்றிய பாதுகாப்புக் கையேட்டுக்கு. அங்கே "நீட்டிப்பு" முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. மின்சாரம் வரும் பேஸும் அது திரும்பிப் போகும் நியூட்ரலும் நீண்டிருக்கின்றன, சரி. பாதுகாப்புக்காகத் தரையோடு இணைக்கும் கம்பியான எர்த் நீண்டிருக்கிறதா?

நம் வீடுகளில் கட்டுகிற பெட்டியைப் பாருங்கள். பிவிசி பெட்டி, மூன்று குழி உள்ள 6 ஆம்பியர் சாக்கெட் இரண்டு, ஒரு சுவிட்ச், ஓர் இண்டிகேட்டர். பின்னால் வருவதோ முறுக்கிய இரட்டை ஒயர், அதன் முனையில் டூ பின் பிளக். மூன்றாவது குழிக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. கிரைண்டரின் த்ரீ பின் பிளக் அதில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. எர்த் பின்னை மற்ற இரண்டையும் விட நீளமாக வைத்திருப்பது, செருகும்போது அது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியாக விலக வேண்டும் என்பதற்காக. இங்கே அது வெறும் காற்றைத் தொடுகிறது. உள்ளே இன்சுலேஷன் கெட்டு பேஸ் கிரைண்டரின் உடலில் பட்டாலும், மின்சாரம் திரும்பிப் போக வழி இல்லாததால் பியூஸ் போகாது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவர் தொட்டால் அவர் உடம்பே வழியாகிவிடும்.

அதனால் என் பரிந்துரை: எர்த்தும் சேர்ந்து வருவது முக்கம்பிப் பெட்டி, வராதது இருகம்பிப் பெட்டி. எர்த் இல்லாத மூன்றாவது குழிக்கு வெற்றுக்குழி.

> "மூவிழை" என்றால் இன்னும் அழகாக இருக்குமே?

அழகுதான். ஆனால் ஒயரில் தனித்தனியாக உறையிட்டு வரும் ஒவ்வொரு கோருக்குள்ளும் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பிகளையும் இழை என்றுதான் சொல்கிறோம். "மூவிழை ஒயர்" என்று எழுதினால் படிப்பவர் எதை எண்ணுவார்? கம்பி என்றால் எலெக்ட்ரீஷியனிடமும் அப்படியே பேசலாம்.

இன்னொரு சொல்லும் அவசரமாக வேண்டும். சிலர் வெற்றுக்குழியைச் சும்மா விடாமல், பெட்டிக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் முனைக்கு இழுத்துவிடுகிறார்கள். இதற்குக் கள்ள எர்த் என்று பெயர் வைக்கலாம். வெற்றுக்குழியைவிட இது மோசம். டூ பின் பிளக்கை எப்படித் திருப்பியும் செருகலாம் அல்லவா? ஒரு பக்கம் செருகினால் கிரைண்டர் ஓடும். மறுபக்கம் திருப்பிச் செருகினால், அப்போதும் ஓடும். ஆனால் அதன் உடலிலேயே 230 வோல்ட் இருக்கும். பிளக் சரியாகவே இருந்தாலும், வழியில் நியூட்ரல் கம்பி அறுந்தால் அதே கதிதான். மூன்று விளக்கு உள்ள சோதனை பிளக் இதைக் காட்டிக்கொடுக்காது. அதற்கு எர்த்தும் நியூட்ரலும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

"பழிப்புச் சொல் கலைச்சொல் ஆகுமா" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். இங்கே ஆக வேண்டும் என்பேன். "போலித் தரையிணைப்பு" என்று நாகரிகமாக எழுதினால் யாரும் பயப்பட மாட்டார்கள்.

சுவிட்ச் பற்றியும் ஒரு வரி சேர்க்க வேண்டும். இருகம்பிப் பெட்டியில் பிளக் திரும்பிவிட்டால் சுவிட்ச் நியூட்ரலைத்தான் துண்டிக்கும். ஆஃப் செய்த பிறகும் சாக்கெட்டில் பேஸ் இருக்கும்.

ஆம்பியர் அளவுகளுக்குப் புதுச்சொல் தேவையில்லை. 6, 16 என்ற எண்களே போதும். 2000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும் என்பதால் அதை 6 ஆம்பியர் பெட்டியில் மாட்டக் கூடாது என்று மட்டும் எழுதிவிடலாம்.

கையேட்டுக்கான வரையறை இப்படி இருக்கலாம்:

"முக்கம்பிப் பெட்டி: த்ரீ பின் பிளக்கிலிருந்து சாக்கெட் வரை பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் தனித்தனிக் கம்பியாக அறுபடாமல் வரும் நீட்டிப்புப் பெட்டி. பிளக் மாட்டும் சுவர் சாக்கெட்டிலும் எர்த் இருந்தால்தான் இது பாதுகாக்கும்."

கடைசி வாக்கியத்தை நீக்கச் சொல்லாதீர்கள். சுவரிலேயே வெற்றுக்குழி உள்ள பழைய வீடுகள் ஏராளம்.

ஆர்சிசிபிக்கு "கசிவுமுறிப்பி" என்று முன்பு எழுதினோம். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே லைனைத் துண்டிக்கும் கருவி என்பது அதில் விளங்குகிறதா, தண்ணீர்க் குழாய்ச் சமாசாரம் போலத் தோன்றுகிறதா? மின்பணி செய்பவர்கள் யாராவது சொன்னால் அதையும் இதே மடலாடலில் முடித்துவிடலாம்.