சுமைதாங்கிக் கல்லில் உள்ள எழுத்தைப் படிக்க உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் எல்லையில் ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல், தோள் உயரம். தலைச்சுமையோடு வருபவர் அடுத்தவர் கை எதிர்பார்க்காமல் இறக்கி வைக்கலாம், தூக்கிக்கொள்ளலாம். பிள்ளை பெறாமல் வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நடுவது அந்தக் கால வழக்கம். அவள் இறக்காத சுமையை ஊரார் இறக்கினால் அவளுக்கு ஆறுதல் என்று நம்பினார்கள்.

சாலையை அகலப்படுத்தியபோது பெயர்த்துப் போட்டுவிட்டார்கள். மேல் கல் இப்போது வாய்க்கால் ஓரம் கிடக்கிறது. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். முதல் வரியில் 'கஅ' மாதிரி தெரிகிறது. பெயரோ என்று நினைத்தேன்; அப்புறம்தான் உறைத்தது, தமிழ் எண்ணில் ௧௮, அதாவது 18 ஆக இருக்கலாம், ஆண்டைக் குறிக்கும் எண்ணின் முதல் இரண்டு இலக்கம். அதன் கீழே பாதி தேய்ந்த ஒரு பெயர், 'அம்மாள்' மட்டும் தெளிவு.

கல்லைக் கெடுக்காமல் எழுத்தைத் தாளில் படி எடுப்பது எப்படி? திரும்ப நட யாரிடம் மனு கொடுக்க வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன். படம் கீழே போடுகிறேன், சாய்வெயிலில் எடுத்தது.