ஒரே இடத்தில் மூன்று பஞ்சர்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

எதிர்காற்று
ஒரே வாரத்தில் என் சைக்கிளின் பின் டயர் மூன்று தடவை இறங்கிவிட்டது. ஒவ்வொரு தடவையும் டியூபை ஒட்டி, டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துத்தான் மாட்டினேன். விரலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. மூன்றாவது தடவை நல்ல மழை, வேலைக்கு நேரமாகிவிட்டது, தள்ளிக்கொண்டே போனேன். அன்று இரவு, வால்விலிருந்து ஓட்டை எவ்வளவு தூரம் என்று அளந்து, டயரில் அதே இடத்தை வெளிப்பக்கமாக மடக்கி விளக்கில் பிடித்தேன். தலைமயிர் கனத்தில் ஒரு கம்பி. தேய்ந்த லாரி டயரிலிருந்து உதிருமே, அதுதான். மடக்கினால் தலையை நீட்டுகிறது, விட்டால் உள்ளே ஒளிந்துகொள்கிறது! இடுக்கியால் பிடுங்கிய கையோடு தடித்த டயருக்கு மாறிவிட்டேன்.

மழைச்சவாரி
நான் ஷ்வால்பே கம்பெனியின் மாரத்தான் பிளஸ் டயரில் ஓட்டுகிறேன். தரையில் படும் பகுதிக்கு அடியில் 5 மி.மீ. ரப்பர் அடுக்கு இருக்கும். ஒருநாள் கழுவும்போது ஒரு தம்ப்டாக் (தட்டைத் தலை குட்டி ஆணி) முழுசாக இறங்கியிருந்தது தெரிந்தது. எத்தனை நாளாக என்னோடு ஊர் சுற்றியதோ! காற்று துளிகூட இறங்கவில்லை. கனம்தான், பழகிவிட்டது.

பழைய மணி
தடித்த டயர் போட்டால் தீர்ந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என்னுடையதிலும் கெவ்லார் என்ற உறுதியான செயற்கை இழைப் பட்டை உண்டு. பள்ளத்தின் விளிம்பில் ஏறியதும் புஸ்ஸென்று போனது. டியூபில் பாம்பு கடித்தாற்போல பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல். காற்று குறைவாக இருந்ததால் டியூப் ரிம்முக்கு அடியில் நசுங்கிவிட்டது. அதற்குக் கெவ்லார் என்ன செய்யும்?

பியூட்டைல் என்ற வழக்கமான செயற்கை ரப்பர் டியூபிலும் காற்று தானாகக் கசியும், வாரம் ஒரு தடவையாவது அடியுங்கள். டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் அதிகபட்ச அளவு உச்ச வரம்புதான், அதுவரை அடித்தே ஆக வேண்டும் என்றில்லை. வாங்கும்போது 37-622 மாதிரி எண்ணைப் பாருங்கள். 622 என்பது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மி.மீ.யில்; அது ரிம்மோடு பொருந்தியே ஆக வேண்டும். 37 டயரின் அகலம், அதுவும் மி.மீ.தான்; மட்கார்டில் உரசாமல் இருந்தால் கொஞ்சம் கூடப் போகலாம். மழை நாளில் கண்ணாடிச் சில்லு சுலபமாக அறுக்கும், ஈர ரப்பர் வழுக்கிக்கொண்டு இடம் கொடுத்துவிடும். வீடு வந்ததும் சில்லுகளைப் பொறுக்கி எடுங்கள். ஓட்டை டியூபின் உள்வட்டத்தில் இருந்தால் டயரைத் திட்டாதீர்கள், ரிம்மில் ஸ்போக் ஓட்டைகளை மூடியிருக்கும் ரிம் பட்டை விலகி, ஓட்டையின் விளிம்பு குத்தியிருக்கும்.

கட்டைவண்டி
இதற்கெல்லாம் பயந்து காற்றே இல்லாத டயர் போட்டவன் நான். பஞ்சர் இல்லை, வாஸ்தவம். ஆனால் முதல் நாளே கல் பாவிய தெருவில் பல்லெல்லாம் கிடுகிடுத்தது, மணி தானாக அடித்துக்கொண்டே வந்தது. எதிரே வந்த ஒருவர் வழிவிட்டு ஒதுங்கினார். ஒரு மாதம் தாக்குப்பிடித்தேன்.

எதிர்காற்று
பழைய மணி, நான் ஆலோசனை கேட்கவே இல்லையே! சரி, நேற்று முன் சக்கரத்தைக் கழற்றினேன். ரிம் பட்டை ஒரு பக்கம் விலகித்தான் கிடந்தது.