மறு: 'ரா' படங்களை ஜேபெக் ஆக்குவதற்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம். கேமரா உணரி அளந்ததை அப்படியே வைத்திருக்கும் 'ரா' (raw) கோப்புக்கும், அதை ஜேபெக் (JPEG) படமாக்கும் வேலைக்கும் மென்பொருளில் என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்ற கேள்விக்கு வந்த பதில்களைப் பற்றி எழுதுகிறேன்.

> 'கச்சாக் கோப்பு' போதுமே. கச்சா எண்ணெய் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

தெரிந்ததுதான். ஆனால் கச்சாவை உள்ளே விட்டால் பின்னாலேயே 'சுத்திகரிப்பு' வந்து நிற்கும். இங்கே நீக்குவதற்கு அழுக்கு எதுவும் இல்லை. 'பச்சைக் கோப்பு' நல்ல தமிழ். ஆனால் பெரும்பாலான கேமராக்களின் உணரியில் நான்கில் இரண்டு புள்ளிகள் பச்சை நிறத்துக்கானவை. உதவிப் பக்கம் எழுதப்போகும் என் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

> ஜேபெக்காக 'மாற்று' என்றால் என்ன குறை?

இதைத்தான் நான் ஒப்பமாட்டேன். உணரியின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. விடுபட்ட இரண்டு நிறங்களையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு மென்பொருள்தான் கணிக்கவேண்டும். 12 பிட் ரா கோப்பில் உள்ள 4,096 வெளிச்சப் படிகளை ஜேபெக்கின் 256 படிகளுக்குள் அடக்கவும் வேண்டும். அதனால் ஒரே கோப்பு இரண்டு மென்பொருள்களில் இரண்டு விதமாக வருகிறது. ஸ்டூடியோக்காரர்கள் ஃபிலிம் 'கழுவியது' போன்ற வேலை இது. அந்தச் சொல்லையே எடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பொத்தானில் 'கோப்பைக் கழுவு' என்று எழுதிப் பார்த்தபோது தேநீர்க் கோப்பைதான் கண்முன் வந்தது.

என் பரிந்துரை: படத்தைத் 'துலக்கு'. பாத்திரம் துலக்குவதும் இதே சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் துப்புத் துலக்குவதும் இதுதான். பக்கத்துப் புள்ளிகளை விசாரித்து இல்லாத நிறத்தைக் கண்டுபிடிப்பதற்கு இதைவிடப் பொருத்தமாக எதைச் சொல்வது? ரா கோப்பு அப்போது 'துலக்காப் படம்' ஆகிறது. செல்லாக் காசு, வாடா மலர் போல.

இவ்வளவு பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. இருபது ஆண்டுப் பழைய படங்களை ஒரு செயலியில் போட்டு 'மாற்று' என்பதை அழுத்தினேன். நூறு படங்கள் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தன. அந்த வேகமே எச்சரித்திருக்கவேண்டும். பெரிதாக்கிப் பார்த்தால் 1,536 × 1,024. கேமரா எடுத்ததோ 3,456 × 2,304. செயலி எதையும் துலக்கவில்லை. கேமரா தன் திரையில் காட்டுவதற்காகக் கோப்புக்குள் வைத்திருந்த சிறிய ஜேபெக்கை உருவிக் கொடுத்திருக்கிறது. மூலக் கோப்புகளை அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். பட்டியில் 'முன்தோற்றத்தை எடு', 'துலக்கு' என இரண்டும் தனித்தனியே இருந்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

'மாற்று' என்பதை டிஎன்ஜி (DNG) என்ற இன்னொரு ரா வடிவத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அடோபி 2004இல் கொண்டுவந்த அந்த வடிவத்துக்குப் போகும்போது பொதுவாக உணரியின் அளவுகள் அப்படியே நிற்கின்றன, உறைதான் மாறுகிறது.

ஒன்று மட்டும் இடிக்கிறது. இதைச் செய்யும் மென்பொருளைத் 'துலக்கி' என்றால் பல்துலக்கி நினைவுக்கு வருகிறது. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.