செபி பதிவு இருக்கு என்கிறார்கள், கோத்தகிரியில் யாரிடம் புகார் கொடுப்பது?

கோத்தகிரிக்காரன்:
எங்கள் பக்கம் ஒரு கம்பெனி, லட்சம் போட்டால் மாதம் எட்டாயிரம் என்று சொல்லி ஊர் ஊராகப் பணம் வாங்கியிருக்கிறது. பச்சைத் தேயிலை போட்டுச் சேர்த்ததை எல்லாம் என் சித்தப்பா அதில் கொட்டிவிட்டார். கையில் இருப்பது ஒரு முத்திரைத்தாள், அதில் டெபாசிட் என்ற சொல்லே கிடையாது, 'வர்த்தக முன்பணம்' என்றுதான் இருக்கிறது. தீபாவளிக்கு அப்புறம் வட்டி வரவில்லை. ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, இன்சூரன்ஸைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ, இதில் யாரிடம் போவது? போனால் விசாரிப்பார்களா?

குன்னூர் பென்ஷனர்:
மூன்றும் வேண்டாம், நேராகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசுக்குப் போங்கள். கம்பெனிப் பதிவுச் சான்றிதழைக் காட்டி ஏமாற்றுவார்கள், அது கம்பெனி இருக்கிறது என்பதற்குத்தான் சான்று, ஊரில் பணம் வசூலிக்கக் கொடுத்த அனுமதி அல்ல. டெபாசிட் போட்டவர்களைக் காக்க 1997-ல் தமிழ்நாட்டில் வந்த டிஎன்பிஐடி சட்டம் இதற்கென்றே போட்டது, முன்பணம் என்று பெயர் மாற்றி எழுதினாலும் வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று வாங்கினால் டெபாசிட்தான். வழக்குப் பதிந்ததும் வங்கிக் கணக்கை முடக்கி, பணம் யார் யார் கைக்குப் போனது, எந்த மச்சான் பெயரில் நிலமானது என்று ஸ்டேட்மென்டை வைத்தே நூல் பிடித்துப் போவார்கள். அப்புறம் அரசாணை போட்டுச் சொத்தை முடக்குவார்கள், கோவை சிறப்பு நீதிமன்றம் உறுதி செய்தால்தான் ஏலம். மெதுவாகத்தான் நகரும்.

மலைப்பாதை:
ஐயா சொல்வது சரி, ஆனால் செபியை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். பலரிடம் பணம் திரட்டி மொத்தமாக முதலீடு செய்து லாபம் தருகிறேன் என்றால் அது செபி எல்லைக்குள் வரலாம். சம்மன் அனுப்பிக் கணக்குப் புத்தகம் கேட்கும், விசாரணை முடியுமுன்பே இடைக்கால உத்தரவு போட்டு வசூலை நிறுத்தும். நிலம் தருகிறேன் என்று பணம் திரட்டிய பிஏசிஎல் கம்பெனி விஷயத்தில் 2014-ல் 49,100 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடு என்று உத்தரவிட்டது. 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி முன்னாள் தலைமை நீதிபதி லோதா தலைமையில் குழு அமைந்தது, நிலத்தை விற்றுப் பணம் கொடுக்கும் வேலை வருடக்கணக்கில் இழுத்தது. கம்பெனி சொல்கிற பதிவு எண்ணைச் செபி தளத்திலேயே தேடிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

கூடலூர்வாசி:
எங்கள் வீட்டில் வேறு கதை, எஃப்டி என்று சொல்லி இன்சூரன்ஸ் பாலிசியைத் தலையில் கட்டினார்கள். அதுதான் ஐஆர்டிஏஐ வேலை. பாலிசி கைக்கு வந்து முப்பது நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பலாம், தாண்டிவிட்டால் முதலில் கம்பெனிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார், பதில் சரியில்லை என்றால் ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசா.

கோத்தகிரிக்காரன்:
ரொம்ப நன்றி. ஏஜென்ட் இன்று வந்து, ஒரிஜினல் பத்திரத்தைக் கொடுங்கள், புதிது போட்டுத் தருகிறேன் என்கிறான்.

குன்னூர் பென்ஷனர்:
கொடுக்கவே கொடுக்காதீர்கள் தம்பி! ஜெராக்ஸ்கூட வேண்டாம். போலீசில் நகல் கொடுத்து ரசீது வாங்குங்கள், அதே ஏஜென்டிடம் ஏமாந்த மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.