வருஷக் கடைசியில் ஒரு நன்றி, ஆரியங்காவு அண்ணாச்சிக்கு

எல்லாரும் வருஷக் கணக்கு எழுதுகிறீர்கள், என் பங்குக்கு நானும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு இரண்டாவது சிறுகதைத் தொகுப்பு வந்தது. முதல் பதிப்பு 300 பிரதி, விலை 180 ரூபாய், ராயல்டி பத்து சதவீதம். அத்தனையும் விற்றாலும் கைக்கு வருவது 5,400 ரூபாய். வேலையை விட்டுவிட்டு எழுதப் போகிறேன் என்று யாராவது கிளம்பினால் முதலில் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஒரு கதை மலையாளத்துக்குப் போனது, அதில் வீட்டில் எல்லாருக்கும் ரொம்பப் பெருமை. இன்னொரு கதையை ஒரு பத்திரிகை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு போடுகிறோம், போடவில்லை என்று ஒரு வரி எழுதவில்லை. சரி, போகட்டும்.

மலையாளத்துக்குப் போனது ரயில் கதை. நான் செங்கோட்டைக்காரன். எங்கள் ஊரிலிருந்து மலையேறிப் புனலூர் போகிற பாதை 1904-இல் ஓடத் தொடங்கியது. 2010-இல் மீட்டர் கேஜ் என்கிற பழைய குறுகிய பாதையை நிறுத்தினார்கள், அகலப் பாதையாகி முழுசாகத் திறக்க 2018 ஆகிவிட்டது. பதிமூன்று கண் பாலம், குகை, பின்னால் தள்ளுகிற எஞ்சின் எல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்ததுதான், தண்டவாளத்தில் நின்று வேலை பார்த்தவன் கண்ணுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்கு எங்கே தெரியும்?

அதைச் சொன்னவர் இதே பாதையில், கேரளத்து ஆரியங்காவு பக்கத்து ரிட்டயர்டு கேங்மேன் அண்ணாச்சி, தண்டவாளம் பராமரிக்கிற வேலை பார்த்தவர். மழைக்காலத்தில் ராத்திரி ரோந்து போவார்களாம், கையில் விளக்கு, பையில் பட்டாசு. மண் சரிந்து கிடந்தால் ஓடிப்போய்த் தண்டவாளத்து மேல் பட்டாசைக் கட்ட வேண்டும், சக்கரம் ஏறி வெடித்தால் டிரைவர் பிரேக் போடுவார். டீக்கடை பெஞ்சு விளிம்பைத் தண்டவாளமாக்கி, சிகரெட் அட்டைக்குள் இருந்த ஈயத்தாளைக் கிழித்து இரண்டு பக்கமும் மடக்கி, பட்டாசை எப்படிக் கட்டுவது என்று காட்டினார். "மழையில கை விறைச்சிருக்கும்டே, இந்த மடக்குதான் பெரும்பாடு" என்றார். கதையில் உயிரோடு இருக்கிற பத்தி அது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம், மலையாளத்தில் படித்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள்.

புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அடுத்த வாரமே போன் பண்ணி இன்னும் மூன்று பிரதி வேணும், கூட வேலை பார்த்தவர்களுக்கு என்றார். சும்மா தருகிறேன் என்றால் கேட்கவில்லை. "பேப்பர் சும்மாவா வருது? வாங்கிக்கோடே" என்று 540 ரூபாயை என் சட்டைப் பையில் திணித்துவிட்டார். ராயல்டி வருவதற்கு முன்னால் அந்தப் புத்தகத்துக்காக என் கைக்கு வந்த முதல் காசு அது.

அடுத்து இதே பாதையை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், இந்த ஜனவரிக்கு முடியாது. பகவதிபுரம், தென்மலை, இடமண் பக்கம் மீட்டர் கேஜ் காலத்தில் வேலை பார்த்த தாத்தாவோ பெரியப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் குடும்பம் யாராவது இருந்தால் இன்னும் நல்லது.